சிவப்புப் பட்டை இல்லாத கூண்டு

விடிந்தும் விடியாத நேரத்தில் அக்கா முழங்கை வரை கையைக் கூண்டுக்குள் விட்டாள். கொசுக்கள் கறுப்பாக அப்பின. பத்து நிமிடம் அசையக் கூடாது, சொறியக் கூடாது. மலேரியாவை ஒழிக்க வழி தேடும் ஆய்வுக்கூடம் அது. இரத்தம் குடித்தால்தான் கொசு முட்டையிடும். இரத்தம் தருவது அக்காவும் கூட இருந்தவர்களும் பார்த்த வேலை. போன வருடம் எட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது நாலே பேர். கூண்டு மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்த நாலில் ஒருத்தி, சுருட்டை, மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அவ கூண்டும் நம்ம தலையிலன்னா, இன்னும் ரெண்டு கை முளைக்கணும்," என்றாள் நெட்டை.

"முளைச்சா அதுக்கும் வேலை குடுப்பாங்க," என்றான் கண்ணாடிக்காரன்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளறையில் இருந்தவை நோய் ஏற்றிய கொசுக்கள். அந்தக் கூண்டுகளுக்குச் சிவப்புத் துணிப் பட்டை அடையாளம். மூன்று வாரத்துக்கு முன், கழுவ ஆளில்லாமல் அக்காவே அங்கே தட்டுகளைக் கழுவினாள். இடம் வேண்டி ஒரு கூண்டை, இவர்கள் கை கொடுக்கும் வெளியறையில் இறக்கினாள். நனைந்த பட்டையை அவிழ்த்துக் காயப் போட்டாள். அதற்குள் வேறு வேலை ஏவினார்கள், மறந்தே போனாள். மறுநாள் சுருட்டை அதில் கை வைத்து எடுத்த பிறகுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. யாரும் பார்க்காமல் கூண்டை உள்ளே வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அன்றே மாத்திரை கொடுத்திருப்பார்கள், பாவம் அந்தப் பெண்ணுக்கு.

ஆய்வுக்கூடத்து டாக்டர் ஒரு தாளோடு வந்தார்.

"கையெழுத்துப் போடுங்க. சுருட்டை வீட்டுப் பக்கம் தண்ணி தேங்கி நிக்குது. அங்கதான் கொசு கடிச்சிருக்குன்னு இதுல இருக்கு."

"அப்ப வைத்தியம்?" என்றாள் நெட்டை.

"அது அவ பாடு. இனி வேலைக்கும் வர வேண்டாம்."

பேனாவை முதலில் அக்காவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"வீட்டுக் கொசு இல்லீங்க. உள்ளறைக் கூண்ட நான்தான் வெளியே வச்சேன். பட்டையையும் நான்தான் அவுத்தேன்."

நெட்டை திரும்பினாள். "அடிப்பாவி! இத்தனை நாளா எங்ககூட உக்காந்துதானே சாப்பிட்ட?"



"நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "தப்பு யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீயும் கிளம்பு."

"இருங்க சார்." நெட்டையின் குரல் இன்னும் கோபத்தில்தான் இருந்தது. "இவ பண்ணினத நாங்க கேட்டுக்கிறோம். எட்டுப் பேர் வேலைய நாலு பேர்மேல ஏத்தினது யாரு? அத நீங்க சொல்லுங்க."

"கொசு பட்டினி கிடந்தா ஒரு வருஷ ஆராய்ச்சி போயிடும், தெரியுமா?"

"அப்ப உங்க கைய வைங்க சார்," என்றபடி கண்ணாடிக்காரன் சட்டைக் கையை இறக்கி விட்டான். நெட்டையும் இறக்கினாள். "சுருட்டைக்கு வைத்தியம் பாக்கணும், வேலை இருக்கணும். ஆளும் போடணும். அதுவரைக்கும் ஒரு கூண்டுலயும் கை வைக்க மாட்டோம்."

டாக்டர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

மூவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். வழியெல்லாம் நெட்டை நாலடி முன்னாலேயே நடந்தாள்; ஆனாலும் அக்காவை விட்டுவிட்டுப் போகவில்லை.

சுருட்டை போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "என் கூண்டுக்கு இன்னைக்கு யாரு கை வச்சா?"

"யாரும் வைக்கலடி. எதுக்கும் வைக்கல," என்றாள் நெட்டை. பிறகு நாற்காலியை இழுத்து அக்கா பக்கம் தள்ளினாள். "உக்காந்து சொல்லு. நாங்க இங்கயேதான் இருப்போம்."

அக்கா உட்கார்ந்தாள். சுருட்டையின் சுடும் கையைத் தொடத் துணியாமல், சொல்லத் தொடங்கினாள்.