தென்னையடியில் கிலுகிலுப்பை

கிலுகிலுப்பைச் செடிக்கு மஞ்சள் பூ. காய் முற்றினால் உள்ளே விதை உருண்டு சத்தம் போடும். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் ஆட்டி விளையாடியதுதான். அந்தச் செடியைப் போய் என் மனைவி றைஸா பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராதா? சிரித்தேன். வருடக்கணக்காகச் சிரித்தேன்.

கற்பிட்டியிலிருந்து தலவிலவுக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. நாற்பத்தொரு மரம். கொரோனாக் காலத்தில் கடற்கரையில் ஹோட்டலை மூடிக்கொண்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண், தன் பெண்குதிரையை றைஸாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மெனிக்கா என்று பெயர். இந்த வருடம் ஜனவரியில் அது ஒரு பெண்குட்டி போட்டது. றைஸா அதற்கு நூரி என்று பெயர் வைத்தாள். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன வீட்டில், அவளுக்கு அந்த இரண்டும்தான் பிள்ளைகள். நான்கூட மூன்றாம் இடம்தான்.

அந்தச் செடி குதிரைக்கு நஞ்சு என்று வெள்ளைக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். விடியுமுன் சுபஹு தொழுதுவிட்டு றைஸா சாக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குவாள். ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, வேலிக்கு அப்பால் குழியில் போட்டு எரிப்பாள். மெனிக்கா அந்தச் செடியில் மூக்குக்கூட வைக்காது. திங்காத செடிக்கு என்னத்துக்கு இந்தப் பாடு என்று நான் கேலி செய்வேன்.

ஜூன் தொடக்கத்தில் மகள் சப்னாவின் பிரசவத்துக்கு றைஸா கொழும்புக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தச் செடிய புடுங்கி எரிங்க. ஏலாட்டி அப்படியே உடுங்க. வெட்டி மட்டும் தோட்டத்துல போட்றாதீங்க."

நாற்பது நாள் என்று போனவள். பேரப்பிள்ளைக்கு ஒன்று மாறி ஒன்று சுகமில்லாமல் வர, மூன்று மாதமாகிவிட்டது.

அவள் போய் இரண்டு கிழமையில் கிலுகிலுப்பை இடுப்பளவுக்கு வந்து பூத்துக் காய்த்து நின்றது. அவள் வரும்போது தோட்டம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் தோட்டத்தில் வழக்கமாக வேலை செய்யும் இன்ஷாபைக் கூப்பிட்டு முழுவதையும் வெட்டச் சொன்னேன். வெட்டியதைப் பார்த்தபோது என் புத்தி கெட்டது. நான் தென்னைக்காரன். வெட்டிய பச்சையை எரிப்பது எங்கள் கை செய்யாத வேலை. இந்த மணலில் தண்ணீர் நிற்காது. தேங்காய்ப் பொச்சுமட்டையோ புல்லோ, எது கிடைத்தாலும் தென்னையடியில் வட்டமாகப் பரப்பி ஓலையால் மூடினால்தான் மரத்துக்கு ஈரம் நிற்கும். என் வாப்பா அப்படித்தான் செய்தார். ஊரே அப்படித்தான் செய்கிறது.

"நானா, ராத்தா எரிக்கத்தானே சொன்னாங்க?" என்று இன்ஷாப் தலையைச் சொறிந்தான். என்னை அண்ணன் முறையில் நானா என்றும் றைஸாவை ராத்தா என்றும்தான் அவன் கூப்பிடுவான்.

"ராத்தாவா தென்ன வளத்தது? பச்சையில மூக்கு வைக்காத குதிர காய்ஞ்சதயா திங்கப் போகுது? கொண்டு போய்ப் போடு."

அவன் போட்டான். நாற்பத்தொரு மரத்துக்கும் போட்டான்.

பிறகு கச்சான் காற்று பிடித்தது. மழை ஒரு துளி இல்லை. புல் வேர்வரை கருகியது. ஒரு நாள் மெனிக்கா தென்னையடியில் ஓலையை முகத்தால் தள்ளிவிட்டு, உள்ளே காய்ந்து கிடந்ததை வாய் நிறைய இழுத்துத் தின்றது. பக்கத்தில் நூரியும் தாயைப் பார்த்து ஒரு குச்சியைச் சப்பியது. எனக்கு வந்தது பயமல்ல, சந்தோஷம். காய்ந்த பிறகு நஞ்சாவது மண்ணாவது என்று நினைத்தேன். வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும் என்றும் நினைத்தேன்.

றைஸா தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோவில் வருவாள். தென்னையடி தெரியாமல் போனைப் பிடித்துக் குதிரைகளை மட்டும் காட்டுவேன். வந்து பார்த்து மகிழட்டும் என்றுதான் முதலில் மறைத்தேன்.

ஓகஸ்டில் மெனிக்காவின் விலா எலும்பு தெரிந்தது. வறட்சி என்று நினைத்தேன். ஓயாமல் கொட்டாவி விட்டது. அதற்கும் சிரித்தேன். பிறகு ஒரு பின்னேரம் அது நடக்கத் தொடங்கியது. நேராகப் போய் வேலியில் மோதி, முள்ளுக்கம்பி நெஞ்சைக் கிழிக்கக் கிழிக்க வேலியோடு நடந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு தென்னையில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து றைஸா வீடியோவில் வந்தாள்.

"ஏன் அவ மரத்துல தலய வெச்சிட்டு நிக்கிறா?"

"வெயில்தான். வேற ஒண்டுமில்ல."

கலியாணம் முடித்து முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

மறுநாள் மிருக வைத்தியர் வந்தார். இளம் சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். மெனிக்காவின் உதட்டைத் தூக்கினார். பல் முரசு மஞ்சளாக இருந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் தென்னையடிக்குப் போய், ஓலைக்குக் கீழே கைவிட்டு ஒரு காய்ந்த தண்டை இழுத்து ஆட்டினார். காய் கிலுகிலுத்தது.

"இது எவ்வளவு நாளா இங்க கிடக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"பச்சையில கசக்கும், அதனால தொடாது. வெட்டிக் காய்ஞ்சா கசப்புப் போயிரும், நஞ்சு போகாது. ஈரல் முடிஞ்சுது ஐயா. இனி வேதனைதான்." தாய்க்குப் பின்னால் நின்ற நூரியைப் பார்த்தார். "குட்டியும் திண்டதா?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். இந்த நஞ்சு மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே காட்டும் என்றார். குட்டியின் இரத்தத்தை இப்போதும் எடுப்பதாகவும், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

அன்றிரவே றைஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடிய முதல் பஸ்ஸில் ஏறி வந்தாள். அபாயாவில் புழுதியோடு மணலில் உட்கார்ந்து மெனிக்காவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். வைத்தியர் ஊசி போட்டார். மூச்சு நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு எழுந்து ஒவ்வொரு மரமாகப் போய் ஓலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லா மரத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"என்னைய சந்தோசப்படுத்தவா?"

"ஓம்."

அதற்குத்தான் அழுதாள். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்ஷாபும் நானும் தென்னையடிகளைச் சுரண்டி அள்ளிக் கடைசிக் குச்சிவரை எரித்தோம். ஆனால் காய்கள் எப்போதோ வெடித்து விதை மண்ணுக்குள் போயிருந்தது. ஒக்டோபர் கடைசியில் மழை பெய்த ஐந்தாம் நாள், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் பச்சை வட்டம். நான் எங்கே பரப்பினேனோ அங்கேயே, ஒரு மரம் தப்பாமல் முளைத்திருந்தது.

மண்வெட்டி எடுக்க றைஸா விடவில்லை. கையால்தான். ஒரு மரத்தடியில் அவள், அடுத்த மரத்தடியில் நான். நூரியை வேலிக்கு வெளியே கட்டியிருந்தோம். வைத்தியர் இரண்டாம் முறை இரத்தம் எடுத்துக்கொண்டு போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஏழாவது மரத்தடியில் இருந்தபோது றைஸாவின் போன் அடித்தது. மண் கையோடு எடுத்தாள்.

"ஓம் டொக்டர்... ஓம்... ஓம்..."

போனை மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குட்டிக்கும் இரிக்காம். ஈரல்ல. காப்பாத்த ஏலாதாம்."

நான் சாக்கைக் கீழே போட்டேன்.

"என்னத்துக்கு எழும்புறீங்க? புடுங்குங்க," என்றாள். "பூக்க முந்தி முடிக்கோணும்."

இனி எந்தக் குதிரைக்காக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்து பிடுங்கினேன்.