பஞ்சமிக்கு முன்

ஐயாவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்து ஐம்பத்தைந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கண்டதெல்லாம் உதட்டில் வைத்த ஈரப் பஞ்சுதான்.

எடுப்பித்தவன் கனடாவிலிருந்து வந்திருந்த மூத்தவன் கோபிசங்கர். பாரிசவாதம் வந்து நாலு மாதமாய்க் கிடக்கிற மனிசனுக்குக் குழாயால் சாப்பாடு ஏற்றி இனியும் வதைக்கக்கூடாது என்றான். அந்த நாலு மாதமும் பீ மூத்திரம் அள்ளிய தங்கை பிரசாந்தியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டாள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள்தான், ஆனால் அண்ணைக்கு முன்னால் குரல் வராது. நேற்றுக் காலை நடந்ததைக்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் அளவெட்டிக் கிராமத்து வீடு நிறையச் சொந்தக்காரர். எல்லாருக்கும் தெரியட்டும் என்று கைபேசியை ஐயாவின் நெஞ்சிலேயே சாய்த்துவைத்திருந்தார்கள். அதற்குள் சுவிஸிலிருந்து தேவராசா சித்தப்பா.

“இஞ்சை சாக விரும்புறவைக்கெண்டே சங்கம் இருக்கு. மருந்து தருவினம். தானே குடிக்கவேணும்,” என்றார் அவர்.

“எங்கடை நாட்டிலை டொக்டரே ஊசி போடுவார்,” என்றான் கோபிசங்கர். எங்கடை நாடு என்றால் கனடா. “இஞ்சைதான் ஒரு சட்டமும் இல்லை. கிடந்து அழுந்தவேண்டியதுதான்.”

“சட்டத்தை விடு தம்பி,” என்றாள் ஐயாவின் தங்கை செல்வநாயகி மாமி. “நாளைக்கு விடிய அவிட்டம் தொடங்குது. அதிலையிருந்து அஞ்சு நாளும் பஞ்சமித் தோசம். அதுக்குள்ளை சீவன் போனால் வீட்டைப் பூட்டிப்போட்டு மாசக்கணக்கிலை வெளியிலை நிக்கவேணும். அண்ணை போறதெண்டால் இண்டைக்கே போகட்டும்.”

“எனக்கும் வாற புதன்கிழமை பிளைற், மாமி.”

“அப்ப இரண்டும் பொருந்துது,” என்றார் சித்தப்பா. யாரோ சிரித்தார்கள். நெஞ்சில் இருந்த கைபேசி மூச்சோடு ஏறி இறங்கியது.

 

மாமி வெள்ளித் தம்ளரில் பால் கொண்டுவந்தாள். சீவன் லேசாய்ப் பிரிய ஆளுக்கொரு கரண்டி பருக்கவேண்டும். முதல் கரண்டி கடைவாயால் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது. மாமி அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். இரண்டாவதை ஐயா விழுங்கினார். இருமவில்லை. மூன்றாவது வருமுன்பே வாயைத் திறந்து வைத்திருந்தார்.

மாமி கையை இழுத்துக்கொண்டாள்.

“அது நரம்பின்ரை வேலை, மாமி. தானாய்த் திறக்கும்,” என்றான் கோபிசங்கர். “காணும், இனிக் குடுக்காதேங்கோ. கனக்கக் குடுத்தால் இழுத்துக்கொண்டு கிடப்பார்.”

திறந்த வாய் மூடவில்லை. நாக்கில் பால் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிரசாந்தி முன்னால் வந்து கைபேசியை ஐயாவின் நெஞ்சிலிருந்து எடுத்துக் கட்டிலில் குப்புற வைத்தாள்.

“அண்ணை, உங்கடை நாட்டிலை சாகப்போறவர்தானே தன்ரை வாயாலை சொல்லவேணும்?”

“ஓம். ஐயாவாலை கதைக்கேலாது. அதாலைதான் நாங்கள் அவருக்காக...”

“கதைச்சவர்.”

“ஆர்?”

“ஐயா. நேற்றுக் காலமை, நான் பஞ்சு வைக்கேக்கை. என்ரை கையைப் பிடிச்சு, ‘பிள்ளை, பசிக்குது’ எண்டவர்.”