வலது கை நகங்கள்

வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டினால் லட்சுமி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்பது எங்கள் அம்மாவின் சட்டம். ஜெர்மனிக்கு வந்து இருபத்தாறு வருஷமாகியும் நான் மீறாத சட்டம் இது ஒன்றுதான். இதையும் ஒரு தரம் மீறித் தொலைத்திருக்கலாம்.

ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். போன ஒக்டோபர் கடைசியில் என்னை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். அங்கே பதினேழாம் அறையில் எவரிஸ்தோ இருந்தார். எண்பத்துநாலு வயது ஸ்பெயின்காரர். அறுபதுகளில் நிலக்கரிச் சுரங்க வேலைக்கென்று ரயிலேறி வந்தவர். பகலில் நிலத்துக்குக் கீழே நிலக்கரி, மாலையில் மேலே கிற்றார். ஆயுள் முழுக்க அவர் இயற்றி எழுதிவைத்தது பத்தே பத்து இசைத்துண்டுகள். வந்த வழியிலிருந்த ரயில் நிலையங்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்திருந்தார். முதலாவது அல்மெரியா, பத்தாவது கொலோன். டோர்ட்மண்டில் கிற்றார் படிப்பிக்கும் அல்பேர்ட் மட்டும் அவரை மேதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றவர்களுக்கு அவர் பதினேழாம் அறை.

பதினோராவதின் பெயர் ஹம். வந்து இறங்கிய ஊர். அதை எழுதுமுன் அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆகவே அது தாளில் இல்லை, விரலில் மட்டும் இருந்தது. அல்பேர்ட்கூட அதைக் கேட்டதில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பதிவு செய்ய அல்பேர்ட் நாள் குறித்திருந்தார்.

இதெல்லாம் அவருடைய கோப்பில் இருந்தது. வலது கை நகங்களைத் தொடவேண்டாம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. வாசித்தேன் என்று கையெழுத்து வைத்தேன். வாசிக்கவில்லை. இருபத்தெட்டுப் பேரின் கோப்பையும் யார் வாசிப்பது?

அந்த மாடியில் நகம் வெட்டும் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கோ வெள்ளி ஆகாது. எனவே வியாழன் மதியமே தொடங்கிவிட்டேன். எவரிஸ்தோ சாப்பிட்டுவிட்டு, காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கை நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. வலது கையில் மட்டும் நீளம் நீளமாக. எனக்குமுன் அங்கே வேலை செய்த கவிஷன் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். ஐந்து விரலும் நேர்த்தியாக. அவர் மாலையில் கிற்றார் வாசிப்பது தெரியும்; அதற்கு நகம் வேண்டும் என்பது தெரியாது.

விழித்துக் காதுக் கருவியை மாட்டியதும் பெருவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தடவினார்.

"இன்றைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"பரவாயில்லை" என்றார். "வளரும்."

அடுத்த நாள் கொறற்றி அக்கா வேலைக்கு வந்தபிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த மாடியில் பதினைந்து வருஷமாக இருப்பவர் அவர்.

"என்ன வேலையடி பாத்தனீ! அந்த நகத்தாலதானே அந்தாள் வாசிக்கிறவர். உடன போய் மேலிடத்தில சொல்லு."

"சொல்லுறன் அக்கா. ஞாயிறு அல்பேர்ட் வரட்டும், அவரிட்டயே சொல்லுறன்."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை அல்பேர்ட் ஒலிவாங்கியோடு வந்து, விரல்களைப் பார்த்து, "யார் செய்தது?" என்று கத்தினார். பழரசக் கோப்பையோடு நான் வாசலில் நின்றேன். எச்சரிக்கைக் கடிதம் வரும், வேலை போகும் என்று மனம் கணக்குப் போட்டதே தவிர வாய் திறக்கவில்லை.

"நான்தான் வெட்டினேன்" என்றார் எவரிஸ்தோ. வெறும் சதையால் வாசித்துப் பார்த்தார். இரண்டு வரியோடு கிற்றாரைக் கீழே வைத்தார். "இது அது இல்லை. இரண்டு மாதம் பொறு."

அல்பேர்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நான் தினமும் காலையில் அந்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார்: "மற்றப் பத்தும் புறப்பட்டு வந்தவனின் அழுகை. ஹம் அப்படி இல்லை. அது வந்து சேர்ந்தவனின் சந்தோஷம்."

நாலாவது வாரம் சளிக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நகம் அரிசிக் குறுணி அளவுதான் வளர்ந்திருந்தது.

மே மாதம் அல்பேர்ட் டோர்ட்மண்டில் அவர் நினைவாக ஒரு கச்சேரி வைத்தார். மூன்றாம் வரிசையில் இருந்தேன். பத்தையும் வாசித்து முடித்துவிட்டு எழுந்து நின்று பேசினார்.

"பதினோராவதை அவர் தாமே அழித்தார். பதிவுக்கு மூன்று நாள் முன் தம் நகங்களைத் தாமே வெட்டினார். அறுபது வருஷம் வாழ்ந்த ஊரைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் அவர் நமக்குத் தந்த பதில்."

பிறகு பதினோராவதின் இடத்தில், கிற்றாரை மடியில் வைத்தபடி நாலு நிமிஷம் சும்மா இருந்தார். சபை தலை குனிந்திருந்தது. சிலர் அழுதார்கள். எவரிஸ்தோ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய், அவருடைய சந்தோஷத்தையே கசப்பாக்கி ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சனம் கலைந்ததும் மேடைக்கு ஏறிப் போனேன்.

"நகத்தை வெட்டியது நான். அவர் தூங்கும்போது, தெரியாமல் வெட்டினேன். அவர் வாசிக்கத்தான் விரும்பினார். அது சந்தோஷமான இசை என்று என்னிடம் சொன்னார்."

அல்பேர்ட் கத்துவார் என்று நினைத்தேன். கிற்றார்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்:

"நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்களா? நகம் இருந்தபோது?"

"ஓம்" என்றேன் தமிழில். பிறகு ஜெர்மனில், "தினமும் மாலையில் மருந்து கொடுக்கப் போகும்போது வாசிப்பார்."

அவர் அவசரமாகத் தாளும் பென்சிலும் எடுத்தார். "பாடுங்கள். தெரிந்தமட்டும் பாடுங்கள்."

பாடினேன். முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. அவர் எழுதி முடித்துவிட்டு, தலை நிமிர்ந்து காத்திருந்தார்.

அதற்குமேல் என்னிடம் இல்லை. இரண்டாவது வரி முடியும்போது மருந்துத் தட்டோடு நான் எப்போதும் பதினெட்டாம் அறைக்குப் போயிருப்பேன்.