அஞ்சாவது கொடி

எர்ணாவூர் தாண்டி எண்ணூர் போற ரோட்டுல, ஒரு கம்பெனி கேட்டுக்கு முன்னால அஞ்சு கொடிக்கம்பம் வரிசையா நிக்கும். அஞ்சு சங்கத்துக்கு அஞ்சு. உள்ள இருக்கிறவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். போனஸ் பேச்சு வந்தா சட்டையப் புடிச்சுக்குவான். ஆனா அந்த கேட்டு வழியா ஒரு பொணம் போச்சுன்னா அஞ்சு கொடியும் அரைக்கம்பத்துக்கு எறங்கிடும். எந்தச் சங்கத்து ஆளு, நல்லவனா, களவாணியா, அந்தக் கேள்வியே கெடையாது. மூணு நாள் அப்படியே நிக்கும். நாலாம் நாள் மொதல் ஷிஃப்டு சங்கு ஊதும்போது மேல ஏறும்.

இந்தப் பழக்கத்தக் கொண்டாந்தவன் செங்குட்டுவன். கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை போட்டிருக்கிற வரலட்சுமியோட புருஷன். அவன் போயி ஒம்போது வருஷம் ஆச்சு.

அன்னிக்கு மத்தியானம் வரலட்சுமி அடுப்ப அணைச்சிட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தாள். வைரவேலு செத்துப்போயிட்டாருன்னு காலையிலயே சேதி வந்துடுச்சு. திருவொற்றியூர் கட்சி ஆபீஸ்லேர்ந்து சொந்த ஊரு அத்திப்பட்டுக்கு ஊர்வலமாக் கொண்டு போறாங்க. நாலு மணிக்கு இந்த கேட்டத் தாண்டணும்.

வைரவேலுன்னா சும்மாவா? சங்கத் தலைவரா இருந்து எம்.எல்.ஏ. ஆனவரு. அவரால வேலை பர்மனெண்ட் ஆன ஐந்நூறு குடும்பம் அவரு படத்த சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கு. இன்னொரு பக்கம், அவரு பேரச் சொன்னா காறித் துப்புற குடும்பமும் இருக்கு. கம்பெனி லாக்கவுட் ஆனப்ப, தொழிலாளி எல்லாம் கேட்டுல பட்டினி கிடக்க, இவரு உள்ள போயி நாப்பத்திமூணு பேரு வேலையப் பலி குடுத்து கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. அந்த லிஸ்ட்டுல மொதப் பேரு செங்குட்டுவன். வேலை போன எட்டாம் மாசம் நெஞ்சு வெடிச்சு செத்துட்டான்.

அவன் பொணம் இந்த கேட்டு வழியாத்தான் போச்சு. நாலு கொடி எறங்குச்சு. வைரவேலு சங்கத்துக் கொடி மட்டும் உச்சியில பட்டொளி வீசிப் பறந்துச்சு. அந்தக் கயித்துக்குப் பொறுப்பு கிருஷ்ணப்பன். “கயிறு சிக்கிக்கிச்சும்மா”ன்னு அவரு வந்து நின்னாரு. வரலட்சுமி அவரு காலடியில துப்பினாள். அதோட சரி. ரிட்டையர் ஆயும் தெனம் கேட்டுக்கு வர்ற மனுஷன், இந்தக் கடையில ஒரு டீ குடிச்சது கெடையாது. இவளும் கூப்பிட்டது கெடையாது.

செங்குட்டுவனோட சங்கத்துல இன்னிக்கு மிச்சம் பதினோரு பேரு. உள்ள வேலை செய்யுற ஆளு கம்பத்தாண்ட நின்னா மெமோ குடுப்பாங்கன்னு, கொடிய வரலட்சுமி பொறுப்புல விட்டிருந்தாங்க. மே தினத்துக்கு ஏத்துறதும் அவதான், சாவுக்கு எறக்குறதும் அவதான்.

மூணரை மணிக்கு செங்குட்டுவன் சங்கத்துச் செயலாளர் லியோனார்ட் வந்தான். கூடவே லிஸ்ட்டுல வேலை போன ஏழெட்டு பேரு. எல்லார் கண்ணும் செவந்து இருந்துச்சு.

“யக்கா, கயித்தத் தொடாத. சொல்லிட்டேன்.”

வரலட்சுமி அண்ணாந்து தன் கொடியப் பாத்தாள்.

“அன்னிக்கு நம்ம அண்ணன் பொணம் போவ சொல்லோ அவன் கொடி எப்டி பறந்துச்சு? இன்னிக்கு நம்மளுது பறக்கட்டும். பொட்டிக்குள்ள படுத்துகினே பாக்கட்டும் அந்தாளு.”

அவன் சொன்னதுல என்ன தப்பு? வரலட்சுமியே இந்த நாள ஆயிரம் தடவ நெனச்சுப் பாத்திருக்காள். பாலு பொங்கும்போது, பஸ்ஸுக்கு நிக்கும்போது, தூக்கம் வராம பொரளும்போது. அந்தாளு போற அன்னிக்கு என் கொடி உச்சியில நிக்கும்னு அவ வயித்துக்குள்ள வெச்சிருந்த ஒரே ஆசை அது.

ஆனா பாழாப்போன ஞாபகம் ஒண்ணு நடுவுல வந்து நிக்குது. ஒரு தடவ, ஸ்ட்ரைக்குல செங்குட்டுவன் மண்டைய ஒடைச்ச செக்யூரிட்டிக்காரன் செத்துப்போனான். ஏழு தையல் போட்ட தலையோட இவன் போயி அந்த ஆளுக்கும் கொடிய எறக்கிட்டு வந்தான். “உனக்கு சூடு சொரணையே கெடையாதா?”ன்னு இவ கத்தினதுக்கு, “பொணத்தாண்ட இன்னாமே சண்டை? அது பதில் பேசுமா?”ன்னு சிரிச்சான்.

ரெண்டு வேன்ல வைரவேலு கட்சி வெள்ளச்சட்டைங்க முன்னாடியே வந்து எறங்கினாங்க. கடைங்கள மூடச் சொல்லி ஷட்டரத் தட்டிக்கினே வந்தவனுங்க, கேட்டாண்ட வந்து அண்ணாந்து பாத்தானுங்க. நாலு கொடி எறங்கி நிக்குது. அஞ்சாவது உச்சியில.

“எவன்டா அது? எவன் கொடிடா அது?”

ஒருத்தன் சோடா பாட்டில எடுத்து ரோட்டுல ஒடைச்சான். லியோனார்டும் ஆளுங்களும் கம்பத்தச் சுத்தி நின்னுக்கினாங்க. காவலுக்கு இருந்தது ரெண்டே போலீஸ்காரங்க. ஒருத்தர் வாக்கிடாக்கிய காதுல வெச்சுக்கினு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. வரலட்சுமிக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க இன்னொரு பொணம் விழப்போவுதுன்னு தோணுச்சு.

எழுந்து ரோட்டத் தாண்டினாள். லியோனார்ட் கைய நீட்டி மறிச்சான்.

“யக்கா, வாணாம். அண்ணன் ஆவி கூட மன்னிக்காது.”

“அவரு போட்ட பழக்கத்த அவரு பேரச் சொல்லியே ஒடைக்கச் சொல்றியா? நவுருடா.”

அவன் தலையக் குனிஞ்சுக்கினு நகந்தான்.

முடிச்ச அவுத்து கயித்த இழுத்தாள். வரல. இன்னும் பலமா இழுத்தாள். கம்பம் ஆடுச்சே தவிர கொடி அசையல. செங்குட்டுவன் இருந்தவரைக்கும் மாசா மாசம் ஏணி போட்டு ஏறி கப்பிக்கு கிரீஸ் தடவுவான். அவனுக்கப்புறம் எவன் ஏறினான்? போன வருஷமே அது மக்கர் பண்ணுச்சு. உப்புக் காத்து மிச்சத்தத் தின்னுடுச்சு போல.

“கயிறு சிக்கிக்கிச்சு!”ன்னு திரும்பிச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே வார்த்தை. இதே எடம்.

“நடிக்கிறாடா!”ன்னு ஒருத்தன் கத்தினான். ஒரு கல்லு வந்து கம்பத்துல பட்டு ‘ணங்’குனு தெறிச்சுது. தூரத்துல, எர்ணாவூர் வளைவுல, சாவு மேளம் கேக்க ஆரம்பிச்சுடுச்சு. கூட்டம் ரெண்டு அடி முன்னால வந்துச்சு.

அப்பதான் கிருஷ்ணப்பன் கூட்டத்தப் பொளந்துக்கினு வந்தாரு. தோள்ல கட்சித் துண்டு, அழுது வீங்கின கண்ணு. அண்ணாந்து பாத்தாரு.

“டேய், கல்ல கீழ போடுங்கடா! கப்பி துருப்புடிச்சிகீது. கண்ணு தெரில? அந்தம்மா சொல்றது நெஜம்.”

“யோவ் பெர்சு, நீ யாரு பக்கம்?”

“நாப்பது வருசமா வைரவேலு அண்ணன் பக்கம்டா. தள்ளி நில்லு.”

கயித்தப் புடிக்க வந்தவர்கிட்ட வரலட்சுமி பல்லக் கடிச்சுக்கினு கேட்டாள்.

“அன்னிக்கு நீயும் இதத்தானே சொன்ன?”

கிருஷ்ணப்பன் கை கயித்துலயே நின்னுச்சு. மேளம் கிட்ட வந்துக்கினே இருக்கு.

“அன்னிக்கு கயிறு சிக்கவே இல்லம்மா,” அவரு கொரலு அவளுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. “எறக்கக் கூடாதுன்னு அண்ணன் போன் போட்டாரு. நான் பொய் சொன்னேன்.”

ஒம்போது வருஷம். ஒருவேள நெஜமாவே சிக்கியிருக்குமோ, அந்த மனுஷன் மேல அநியாயமாத் துப்பிட்டமோன்னு நடுவுல எத்தினி நாள் அவளுக்கு உறுத்துச்சு தெரியுமா? அந்தக் கயித்தாலயே கிருஷ்ணப்பன் கழுத்த இறுக்கணும் போல ஆத்திரம் வந்துச்சு. கைய விட்டுட்டுப் போயிடலாம். கொடி உச்சியிலயே நிக்கும். கப்பி மேல பழியப் போட்டுட்டு நிம்மதியாவும் இருக்கலாம். அவ ஆசப்பட்ட மாதிரியே எல்லாம் நடந்துடும்.

ஊர்வலத்தோட மொத வண்டி கண்ணுல பட்டுச்சு.

“புடி,” என்றாள். “சேந்து இழு.”

ரெண்டு பேரும் கயித்துல தொங்கினாங்க. ஒரு தரம், ரெண்டு தரம். மூணாவது தரம் கப்பி கிறீச்சுன்னு அலறுச்சு, துரு பொடிப்பொடியா அவ தலையில கொட்டுச்சு, கொடி சரசரன்னு எறங்குச்சு. பாதியில நிறுத்தி முடிச்சுப் போட்டாள். உள்ளங்கை தோலு உரிஞ்சு ரத்தம்.

கண்ணாடிப் பொட்டிக்குள்ள வைரவேலு மொகம் ரொம்பச் சின்னதா இருந்துச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க, பொம்பளைங்க மார்ல அடிச்சுக்கினாங்க. வரலட்சுமி கும்பிடல. நிமிந்து நின்னாள், அவ்ளோதான். கொடி எம் புருஷன் போட்ட பழக்கத்துக்காக எறங்குச்சு. கையி என்னுது, அது சேராது.

வண்டி போச்சு. கல்லு எடுத்தவனுங்களும் பின்னாடியே போயிட்டானுங்க. கிருஷ்ணப்பன் மட்டும் அவ முன்னால ஒரு நிமிஷம் நின்னாரு. அவ மூஞ்சியத் திருப்பிக்கினாள்.

நாலாம் நாள் காலையில மொதல் ஷிஃப்டு சங்கு ஊதுச்சு. மூணு சங்கத்துக் கொடி ஏறுச்சு. வரலட்சுமியும் தன் கொடிய ஏத்தி முடிச்சுப் போட்டுட்டுத் திரும்புனாள். வைரவேலு சங்கத்துக் கொடி அரைக்கம்பத்துலயே நிக்குது. அடியில கிருஷ்ணப்பன், கயித்தக் கையில சுத்திக்கினு.

ஷிஃப்டுக்கு வந்த அவரு சங்கத்து ஆளு ஒருத்தன் கேட்டான். “இன்னா பெர்சு, மூணு நாளு முடிஞ்சிச்சே. ஏத்து.”

“அண்ணனுக்கு முடிஞ்சிச்சு,” என்றாரு கிருஷ்ணப்பன். “இது செங்குட்டுவனுக்கு. இன்னிக்குத்தான் மொத நாளு.”

வரலட்சுமி அசையாம நின்னாள். புருஷன் செத்தன்னிக்குக் கூட அவ இப்படிக் குலுங்கினதில்ல. கேட்டுக்குப் போறவன் வர்றவன் எல்லாம் பாக்க, நடு ரோட்டுல நின்னு ஓன்னு அழுதாள்.

“யோவ், லூசா நீ? கட்சி ஆபீஸ்ல சொன்னா உன்ன வெட்டிடுவானுங்க!” அந்த ஆளு போன எடுத்துக்கினு ஓரமாப் போனான். கால் மணி நேரத்துல ரெண்டு பைக்குல வெள்ளச்சட்டைங்க வந்து எறங்கினாங்க. கிருஷ்ணப்பன் கயித்த இன்னொரு சுத்து சுத்திக்கினாரு.

வரலட்சுமி மூக்கச் சிந்திட்டு, முந்தானைய இழுத்துச் சொருகினாள். கட்டுப் போட்ட கையோட நேரா, ஏறாம நின்ன அந்த அஞ்சாவது கொடிக் கம்பத்துக்குப் போயி, கிருஷ்ணப்பன் பக்கத்துல நின்னு கயித்தப் புடிச்சுக்கினாள்.

“வரட்டும்ணா,” என்றாள்.