ஏழாவது கேள்வி

அரையிறுதி ஆட்டத்தன்று சிம்பாங் ரெங்கம் திடலில் நூற்றுப்பன்னிரண்டு பேர் என் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். காற்பந்து விதிகளைப் பற்றி இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எல்லாப் பெற்றோரும் படிக்கவேண்டும் என்பதால் மலாயில் அச்சடித்திருந்தேன். சராசரி மதிப்பெண் 8.4. கேள்வியைப் படிக்காமல் காசைச் சுண்டிப் போட்டிருந்தால் பத்து வந்திருக்கும்.

அந்தத் தாளைத் தயாரிக்கச் சொன்னது ஹேமநாதன் சார். அவர் குளுவாங்கில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மாவட்டத்தில் நடக்கும் இடைநிலைப்பள்ளி ஆட்டங்களுக்கு அவர்தான் பெரும்பாலும் நடுவர். வாரம் தவறாமல் பெற்றோர்களிடம் ஏச்சு வாங்குவார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகவும், கையில் ஒரு கணக்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

“நீங்க சைன்ஸ் படிச்சவங்க டீச்சர். சர்வே எல்லாம் உங்களுக்குத்தான் வரும்.”

நான் தலையாட்டினேன். அவர் என்னிடம் அதுவரை பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான்.

நானும் யோகேஸ்வரியும் இங்குள்ள இடைநிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியைகள். நான் வேதியியல், அவள் ஓவியம். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். புதிதாக வருபவர்களுக்குப் பழையவர்கள் வேண்டாம் என்று தள்ளும் வேலைதான் கிடைக்கும். எங்களுக்குக் காற்பந்துக் குழு கிடைத்தது. பயிற்சி தர வேறொருவர் இருந்தார். மாணவர்களைப் பேருந்தில் எண்ணி ஏற்றுவதும், எண்ணி இறக்குவதும், ஆட்டத்தின்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் எங்கள் பொறுப்பு.

முதல் ஆட்டம் முடிந்ததும் ஹேமநாதன் சார் கையெழுத்து வாங்க எங்களிடம் வந்தார். அன்று வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தைத் தரவிறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். பதினேழு விதிகள். ஒரு வாரத்தில் முடித்தேன். அடுத்த ஆட்டத்துக்குள் எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. எல்லாம் தெரிந்தபிறகு அவரிடம் கேட்க என்னிடம் ஒன்றுமில்லை.

யோகேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவளிடம் கேள்விகள் குறையவே இல்லை.

“சார், அந்தப் பையன் சும்மா ஓடிட்டுதானே இருந்தான், எதுக்கு மஞ்ச அட்டை?”

“சார், கோல்கீப்பர் கையால தொடலாம், மத்தவங்க தொட்டா மட்டும் ஏன் அந்தச் சத்தம்?”

“சார், ஏழு நிமிசம் எக்ஸ்ட்ரா குடுத்தீங்களே, அது உங்க இஷ்டமா இல்ல கணக்கா?”

கடைசிக் கேள்விக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, நின்றுபோன நேரத்தை எப்படிக் கூட்டுகிறார் என்று கைக்கடிகாரத்தைக் காட்டி விளக்கினார். அந்தப் பதில் ஏழாவது விதியில் இருக்கிறது. மூன்றாவது பத்தி. நான் தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் அவள் அவருக்கு யோகேஸ் ஆகிவிட்டாள். நான் டீச்சராகவே இருந்தேன்.

அரையிறுதியன்று தாள்களை நான் தனியாகக் கொடுத்திருந்தால் இருபது கூட வந்திருக்காது. யோகேஸ்வரிதான் வரிசை வரிசையாக ஏறிப்போனாள். “அங்கிள், பாஸ் மார்க் எடுத்தா ஐஸ்கிரீம் லா,” என்று சீண்டினாள். “ஆன்ட்டி, பக்கத்து ஆள பாத்து எழுதாதீங்க.” கடைசியில் மிஞ்சிய ஒரு தாளை அவளும் நிரப்பினாள். நூற்றுப்பதின்மூன்று.

மறுநாள் மாலை வீட்டில் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் என் கட்டிலில் குப்புறப் படுத்து நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

“என்னோடது வந்துடுச்சா? எத்தன?”

அவள் தாள்தான் கையில் இருந்தது. ஆறு சரி. அவற்றில் ஒன்று ஏழாவது கேள்வி. த்ரோ-இன்னிலிருந்து நேராகப் பந்தை வாங்குபவர் ஆஃப்சைட் ஆவாரா? இல்லை என்பதே சரி. பக்கக்கோட்டிலிருந்து கையால் எறியும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது. எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டிப் போய் நின்றுகொண்டுகூட வாங்கலாம். பல வருடம் ஆட்டம் பார்த்தவர்கள் எல்லாம் ஆம் என்று போட்டிருந்தார்கள். ஒன்பது பேர்தான் சரி. இவள் ஒரு குருட்டு அடியில் பத்தாவது ஆளாகியிருந்தாள்.

அப்போது அவளுடைய கைப்பேசி ஒலித்தது. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஹேமநாதன் சார்டி. நான் ஃபெயிலா பாஸான்னு கேக்குறாரு.”

நான் தாளைத் தயாரித்தவள். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அஞ்சு,” என்றேன்.

“அலமாக்! அஞ்சுதானா? அந்த ஏழாவது நல்லா யோசிச்சுப் போட்டேனே. இல்லன்னு.”

“தப்பு.”

“த்ரோ-இன்லயும் ஆஃப்சைட் இருக்கா?”

“இருக்கு.”

அவள் சரி என்று தலையாட்டி நகத்தை ஊதினாள். நான் அந்தக் கட்டத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு அளவைத் தெரிந்தே மாற்றி எழுதியவனைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவன் எப்படித்தான் அதைச் செய்தானோ என்று அப்போது வியந்தேன். மிகவும் சுலபம்.

இறுதியாட்டம் அடுத்த புதன்கிழமை. நாலரைக்கு ஆரம்பம். மழை வரும்போல் இருந்தும் திடல் நிரம்பிவிட்டது. செடெனாக்கிலிருந்துகூட உறவினர்கள் வந்திருந்தார்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருக்னுதீன் பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களுக்குப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

முடிய நான்கு நிமிடம் இருந்தபோது ஒன்றுக்கு ஒன்று. பந்து எங்கள் பக்கத்துக் கோட்டைத் தாண்டி வந்து என் காலடியில் நின்றது. எதிரணிப் பையன் ஓடிவந்து எடுத்தான். தலைக்குப் பின்னே கொண்டுபோய் நீளமாக எறிந்தான். அவர்களுடைய ஒன்பதாம் எண்காரன் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு மூன்று அடி பின்னால் தனியாக நின்றிருந்தான். பந்து நேராக அவனிடம் போனது. திரும்பினான், அடித்தான். கோல்.

கோல் செல்லும் என்று ஹேமநாதன் சார் நடுவட்டத்தைக் காட்டினார்.

என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. பந்து காற்றில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. பக்கத்தில் யோகேஸ்வரி எழுந்து நின்றாள்.

“ஆஃப்சைட்! சார், ஆஃப்சைட்!”

எப்போதும் கேள்வியாகக் கேட்பவள் முதன்முறை உறுதியாகச் சொன்னாள். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, “த்ரோ-இன்லயும் ஆஃப்சைட் உண்டு லா!” என்றாள்.

“டீச்சரே சொல்றாங்கப்பா!” என்றார் ருக்னுதீன் பாய். “ஆஃப்சைட்! ஆஃப்சைட்!”

அவ்வளவுதான் தேவைப்பட்டது. வரிசைக்கு வரிசை ஏறிப்போனது சத்தம். “ரெஃப்ரீ பூத்தா!” என்று ஒருவர் மலாயில் கத்த, “கண்ணு குருடாய்யா?” என்று இன்னொருவர் அதையே தமிழில் கேட்டார். அப்பாக்கள் சிலர் கோட்டைத் தாண்டித் திடலுக்குள் இறங்கினார்கள்.

த்ரோ-இன்னில் ஆஃப்சைட் கிடையாது. நான்கு சொற்கள்கூட இல்லை. என் வாயில் தயாராக இருந்தது. எழுந்து திரும்பி நின்று சொல்லியிருந்தால் குறைந்தது மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். என் கைகள் முழங்காலைப் பிடித்திருந்தன. அவர் இப்போது இவளை எப்படிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மேல்வரிசையிலிருந்து பறந்து வந்த சிராப் சர்பத் போத்தல் ஹேமநாதன் சாரின் காதோரம் பட்டது. மூடி திறந்து சிவப்பு நீர் கழுத்து வழியாக அவருடைய சட்டையெல்லாம் வழிந்தது. அது இரத்தம் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆனது. ஆட்டம் பத்து நிமிடம் நின்றது. இரண்டு காவலர்கள் வந்தார்கள். பிறகு மிச்சமிருந்த நான்கு நிமிடத்தை ஆடி, எங்கள் பள்ளி தோற்றது.

மாணவர்களை எண்ணி அனுப்பிவிட்டு ருக்னுதீன் பாய் கடைக்குப் போனோம். கேள்வித்தாள் கணக்கை அறிக்கையாக ஹேமநாதன் சாரிடம் அங்கே தருவதாக முன்பே பேச்சு. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். காது சிவந்திருந்தது.

யோகேஸ்வரி அவர் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள். “சாரி சார். முதல்ல கத்துனது நான்தான்.”

“தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா யோகேஸ்?”

“அப்ப அது ஆஃப்சைட் இல்லியா?”

“இல்லம்மா.”

“நாப்பது வருசமா பந்து பாக்குறேன்,” என்றார் ருக்னுதீன் பாய், தேத்தண்ணீரை வைத்தபடி. “எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. காசு வேணாம் சார், குடிங்க.”

ஹேமநாதன் சார் மேசையிலிருந்த சாஸ் போத்தலை எடுத்து நடுவில் வைத்தார். “இது டிஃபெண்டர்.” உப்புக் குப்பியை அதற்குப் பின்னால் வைத்தார். “இது அந்த ஒன்பதாம் நம்பர்.” கரண்டி பக்கக்கோடு. யோகேஸ்வரி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நான் சொன்ன ஒரு பொய், அவருடைய இருபது நிமிடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது.

“த்ரோ-இன்ல இருக்குன்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரோ லா. மறந்துட்டேன்.”

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை என்று நினைத்திருக்கிறாள். அவர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. அந்த நல்ல குணமும் அவளிடமே போய் இருந்தது.

அவர் என் அறிக்கையைப் புரட்டினார். பிறகு தாள்கட்டை இழுத்தார். “எங்க, நம்ம அஞ்சு மார்க் தாளைப் பாப்போம்.” அவளுடையது கடைசியில் இருந்தது. சிரித்துக்கொண்டே மேலிருந்து விரலால் தடவிக்கொண்டு வந்தவர் ஏழாவதில் நிறுத்தினார்.

“இல்லன்னு சரியாத்தானே போட்டிருக்கீங்க?”

சிவப்புக் குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு வந்தது.

“டீச்சர், உங்களுக்கும் தெரியாதா இது?”

நான் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தேன்.

“பரவால்ல, நிறைய பேருக்குத் தெரியாது. இருங்க, சொல்றேன்.”

சாஸ் போத்தலையும் உப்புக் குப்பியையும் என் முன்னால் நகர்த்தினார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். ஐந்து மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். “இப்ப நீங்கதான் பந்த எறியறீங்கன்னு வெச்சுக்குங்க,” என்றார். கரண்டியை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தலையாட்டினேன். அவர் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்து, புரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு மேலே போனார். நல்ல ஆசிரியர்.

யோகேஸ்வரி மற்றத் தாள்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் அவள் கை நின்றது. இன்னும் சில தாள்களைப் புரட்டினாள். மறுபடி நின்றது. ஏழாவது கேள்விக்கு இல்லை என்று போட்டிருந்தவர்களுக்கெல்லாம் சிவப்பில் சரிக்குறி. என் கையால் போட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பிறகு தாள்களை அடுக்கி, கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் கைப்பையை வைத்தாள். தேத்தண்ணீரைக் குடித்தாள்.

“இப்பப் புரிஞ்சுதா டீச்சர்?” என்றார் அவர்.

புரிந்தது என்றால் முடிந்திருக்கும். அவள் சொல்லப்போவதில்லை. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் நானும் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கடுத்த ஆட்டத்திலும் கேட்கலாம்.

“எனக்கு முன்னாடியே தெரியும் சார்,” என்றேன். “தெரிஞ்சுதான் தப்பு போட்டேன். அவகிட்ட பொய் சொன்னதும் நான்தான்.”

“ஏன்?”

எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்தேன். இதற்கும் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது. அவர் கை காதோரம் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பிறகு சாஸ் போத்தலையும் உப்புக் குப்பியையும் எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். அறிக்கைக்கு நன்றி சொன்னார். கூட்டத்துக்கு முன் ஒருமுறை சரிபார்த்து அனுப்பச் சொல்லி அதையும் தாள்கட்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

யோகேஸ்வரிதான் காரை ஓட்டினாள். மழை ஆரம்பித்திருந்தது. செம்பனைத் தோட்டத்துச் சாலைக்குத் திரும்பினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அவளுடைய கைப்பேசி ஒளிர்ந்தது. அவருடைய பெயர். வீடு போய்ச் சேர்ந்தீர்களா யோகேஸ் என்று கேட்டிருந்தார். அவள் ஒரு கையால் அதைக் கவிழ்த்து வைத்தாள். எனக்காகத்தான் கவிழ்த்தாள். அதுவும் சுட்டது.

“தனம்.”

“ம்.”

“அஞ்சு இல்ல, ஆறு. மார்க்க மாத்து.”

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவளுடைய தாளில் ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். அறிக்கையில் ஏழாவது கேள்விக்கு எதிரே ஒன்பது என்றிருந்ததைப் பத்து ஆக்கினேன். மடியில் வைத்தபடியே மொத்தத்தை மறுபடி கூட்டி நூற்றுப்பதின்மூன்றால் வகுத்தேன்.

சராசரி மாறவில்லை. 8.4தான்.