தகட்டுக்கு வைத்த பொட்டு

தினேஸ்வரியின் மூன்று வருட ஆராய்ச்சி நகமளவுத் தகடு ஒன்றில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத குழிகளை வரிசையாகப் பொறித்த தகடு. நுண்மணிகள் கலந்த நீர்த்துளியை அதன்மேல் காயவிட்டால், முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல மணிகள் தாமாகவே குழிக்கொன்றாய் உட்காரும். உட்காரவும் செய்தன. பேராசிரியர் ஸ்கந்தராஜாதான் நம்பவில்லை.

"குழி இல்லாட்டியும் துளி காயேக்க மணி இப்பிடி நிண்டிருக்கும். குழியாலதான் எண்டு எனக்குக் காட்டும் பாப்பம்."

குழியில்லாத தகட்டில் மணிகள் கலைந்து கிடப்பதைக் காட்டினாள். "அது வேற தகடு, வேற துளி" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அவரை நம்பவைக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி. மற்றத் தகடுகள் உடைந்துபோக, மிச்சம் இந்த ஒன்றுதான்.

காம்பார் ஊரில் இருந்த ஆய்வகத்தில் விட்டுவர மனமில்லாமல், அதை ஒரு டப்பாவில் போட்டு, பத்து காஜா என்ற தன் ஊரிலிருந்த வீட்டுக்கே கொண்டுவந்தாள். அன்று சரஸ்வதி பூஜை. அம்மா கலாதேவி புத்தகங்களுக்குப் பொட்டு வைத்தாள், லேப்டாப்புக்கு வைத்தாள், டப்பாவைத் திறந்து தகட்டின் நடுவிலும் சந்தனம் வைத்தாள்.

"படிப்பு சாமான்தானேலா, அத மட்டும் எப்படி விடுறது?"

"யாரும்மா உங்கள தொடச் சொன்னா? எல்லாம் போச்சு!"

தினேஸ்வரி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் வாயை மூடிக்கொண்டது. கழுவிப் பார்த்தாள். குழிக்குள் இறங்கிய சந்தனம் அசையவில்லை. மணிகளை உட்காரவைக்க அவளுக்கு மூன்று வருடமானது. சந்தனம் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு அம்மாவிடம் அவள் பேசவில்லை.

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை அதே தகட்டில் துளியைக் காயவைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஸ்கந்தராஜா வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நடுவில என்ன, குழப்பமா கிடக்கு?"

"பொட்டு, சார். அம்மா வெச்சது."

வீட்டுக்குப் போகச் சொல்வார் என்று காத்திருந்தாள்.

"பொட்டுக்கு வெளியில மணி வரிசையா நிக்குது. குழி அடைபட்ட இடத்தில மணியெல்லாம் கண்டபடி கிடக்கு. ஒரே தகடு, ஒரே துளி." அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "இதத்தானே கேட்டனான். கட்டுரையில எழுதும். சந்தனம் எங்க வாங்கினது எண்டும் போட வேணும்."

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அந்தச் சந்தனம் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடைச் சந்தனத்தயா ஒன் படிப்புக்கு வைப்பேன்? ஒக்காந்து நானே அரைச்சேன்லா. தகடு சரியாச்சா, அதச் சொல்லு."

தினேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "சரியாச்சும்மா" என்றாள்.

கட்டுரையில், சந்தனம் பெறப்பட்ட இடம் என்ற வரியில், 'கலாதேவி, பத்து காஜா' என்றிருக்கிறது. ஸ்கந்தராஜா அதைத் திருத்தவில்லை.