கரிவண்டியோடு பத்து ரவுண்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். உள்ளே வியாபாரம் நடக்காது, குத்துச்சண்டை நடக்கும். சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். மீதிப் பேர் தங்கள் எதிராளியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். நடத்துகிறவர்கள் மூன்றே பேர்: கடைக்குச் சொந்தக்காரரான மச்சான், அவருடைய தங்கை, அந்தத் தங்கையின் வீட்டுக்காரரான புள்ளிக்காரர்.

புள்ளிக்காரருக்குப் பிழைப்பு அச்சகத்தில் பிழை திருத்துவது. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற வேலை. ஆனால் பதினெட்டு வருஷம் குத்துச்சண்டை மேடையோரம் நடுவராக உட்கார்ந்து புள்ளி போட்டவர் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மச்சான் ஒரு காலத்து ஹெவிவெயிட். நின்றால் கதவு நிலை அடைபட்டுப் போகும். அதே ஆள் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கி வரும்போது பார்க்க வேண்டும், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி இருக்கும்.

கம்பளி விரித்த வெட்டு மேசையருகே நின்றுகொண்டு மச்சான்தான் சண்டையைச் சொல்வார். தாத்தா காலத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்டே தோள் வளர்த்த பழைய சாம்பியன் கரிவண்டிக்கும், இப்போது டிவியில் வருகிற ஏணி என்கிற நெட்டையனுக்கும் கற்பனையிலேயே சண்டை மூட்டுவார். வாய்க்கு வந்ததை அளக்க மாட்டார். கரிவண்டி கையை இடுப்பருகே தாழ்த்தி வைக்கிறவர், அதனால் முதல் மூன்று ரவுண்டு ஏணியின் இடதுகை அவர் முகத்தில் தாராளமாக விழும். ஆனால் ஏணி களைத்தால் வலது காலை இழுப்பான், நாலாவது ரவுண்டில் கரிவண்டி அந்தக் காலைக் கவனித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கிற புள்ளிக்காரருக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த மனுஷன் யாரையும் மட்டம் தட்டிப் பேசி அவர் கேட்டதே இல்லை. தோற்கப்போகிறவனைக்கூட, அவனுடைய நல்ல குத்து ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் தோற்கவைப்பார்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தில் மூன்று நிமிஷம் பார்த்து, ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவாள். அதுதான் மணி. புள்ளிக்காரர் கையில் பழைய புள்ளிச் சீட்டு இருக்கும். இடப்பக்கம் சிவப்பு மூலை, வலப்பக்கம் நீல மூலை. சீட்டின் தலையில் பெயர்களை மட்டும் சண்டை முடிந்த பிறகுதான் எழுதுவார். ஏன் என்று கேட்டால் பழக்கதோஷம் என்பார்.

விளையாட்டுக்கு ஒரே விதி, அதுவும் மச்சான் போட்டது. பட்டம் வென்றவனுக்குத்தான் இடம். அந்த விதியால் வெளியே நிற்பவர் மச்சானேதான். ஒரே ஒரு தடவை பட்டத்துக்காக மோதினார், அப்போதைய சாம்பியன் தூங்குமூஞ்சியோடு, பத்து ரவுண்டு. மூன்று நடுவர்களில் ஒருவர் மச்சானுக்குக் கொடுத்தார், ஒருவர் தூங்குமூஞ்சிக்குக் கொடுத்தார். மூன்றாவது சீட்டும் தூங்குமூஞ்சிக்கே போனது. அந்தச் சீட்டு புள்ளிக்காரருடையது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த வாரம் அண்ணனுக்குத் தோளில் ஆபரேஷன். அதற்கப்புறம் அவர் கண்ணாடி தூக்குவாரா என்பதே சந்தேகம். ஒரு தடவையாவது கரிவண்டியோடு அண்ணன் மோதட்டுமே, கற்பனையில்கூடவா கஞ்சத்தனம் என்று கேட்டாள்.

மச்சான் சிரித்தார். "விதின்னா விதிதாம்மா. பட்டம் வாங்காதவன் உள்ள வரக் கூடாது. எனக்காக வளைச்சா அப்புறம் கரிவண்டிக்கு என்ன மரியாதை?"

இத்தனை வருஷம் சொல்லாத ஒன்று புள்ளிக்காரரிடம் இருந்தது. சொன்னால் மச்சானும் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும், வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் வாசலிலேயே நிற்பார், அதுவும் தானே போட்ட விதிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நீங்க உள்ள வரலாம் மச்சான்," என்றார். "அந்தச் சீட்டுல தப்புப் பண்ணினது நான்."

பிறகு நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அந்த நாளில் அவர் முன்னேற்பாட்டுக்குப் பேர்போனவர். அரங்கத்துக்குள் கால் வைக்கும் முன்பே சீட்டில் பெயர்களை எழுதிவிடுவார். சிவப்புக்கு மேலே மச்சான் பெயர், நீலத்துக்கு மேலே தூங்குமூஞ்சி பெயர். கடைசி நேரத்தில் மச்சானின் சிவப்புக் கையுறை தையல் விட்டது. அவர் கைக்குப் பொருந்துகிற வேறு ஜோடி நீலத்தில்தான் இருந்தது. அதனால் இருவரும் மூலை மாறினார்கள். மைக்கில் சொன்னார்கள், புள்ளிக்காரரும் காதாரக் கேட்டார். கேட்டு என்ன பயன்? கையுறையின் நிறத்தைப் பார்த்தே பத்து ரவுண்டும் புள்ளி போட்டார். நீலத்துக்கு ஆறு, சிவப்புக்கு நாலு. நீலத்துக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், சண்டையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறே ஒப்புக்கொள்ள மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார். கதவைத் திறந்தது தங்கை. தண்ணீர் கொடுத்தாள், குடித்தார், வந்த விஷயம் தொண்டையோடு இறங்கிவிட்டது. மறு வாரமும் போனார். மூன்றாவது வாரம் போனபோது அவர் எதற்காக வருகிறார் என்று வீட்டில் அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையைச் சொல்லப் போனவர் நிச்சயதார்த்தத்தோடு திரும்பினார். அது நடந்து இருபத்திரண்டு வருஷம்.

"அப்ப நீங்க என்னப் பார்க்க வரலையா?" என்று கேட்டாள் தங்கை. குரல் கல்லாக இருந்தது.

"மொத தடவ இல்ல. ரெண்டாவது தடவ உன்னப் பார்க்கத்தான் வந்தேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் வெட்டு மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் கிடந்த கண்ணாடியில் கட்டரால் ஒரு கோடு இழுத்தார், அடியில் லேசாகத் தட்டினார், இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தார். ஒரு சில்லுகூடச் சிதறவில்லை. பிறகு புதுச் சீட்டு ஒன்றைப் புள்ளிக்காரர் பக்கம் நகர்த்தி, பத்து ரவுண்டையும் மறுபடி எழுதச் சொன்னார்.

ஞாபகம் இல்லாமலா? ஒவ்வொரு ரவுண்டாகச் சொல்லிக்கொண்டே எழுதினார் புள்ளிக்காரர். மச்சானுக்கு ஆறு, தூங்குமூஞ்சிக்கு நாலு.

மச்சான் ஏழாவது ரவுண்டின் மேல் விரலை வைத்தார். "இது அவனோடது. விலாவுல ஒண்ணு எறக்கினான் பாரு, கயித்தப் புடிச்சுக்கிட்டுதான் நின்னேன். அப்ப அஞ்சுக்கு அஞ்சு. சமம்னா பட்டம் பழைய ஆளுகிட்டயேதான் இருக்கும். உன் தப்பால ஒண்ணும் மாறல மாப்ள. விட்டுத் தள்ளு."

புள்ளிக்காரருக்குக் கண் கலங்கியது. ஏழாவது ரவுண்டு அவருக்கு மிக அருகில், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கயிற்றோரமாகவே நடந்தது. அந்தக் குத்து மச்சானின் முழங்கையில் விழுந்தது. கயிற்றைப் பிடித்தது தூங்குமூஞ்சி. தனக்காக ஒரு விதியைக்கூட வளைக்காத மனுஷன், தங்கை புருஷனுக்காக ஒரு ரவுண்டையே தூக்கிக் கொடுக்கிறார். சரி என்று தலையாட்டினால் போதும், எல்லாம் இங்கேயே முடிந்துவிடும்.

"அது முழங்கையில விழுந்துச்சு மச்சான். கயித்தப் புடிச்சது அவன். ஒரு தடவ மாத்தி எழுதிட்டேன். இன்னொரு தடவ நீங்களே சொன்னாலும் எழுத மாட்டேன்."

சொல்லிவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.

மச்சான் சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஆறு என்று எழுதிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாப்ள," என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்தது. அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்று புள்ளிக்காரர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

எப்போதும் நின்றபடியே சண்டை சொல்கிற மச்சான் அன்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கரிவண்டியோடு தன் சண்டையைத் தானே சொன்னால் நன்றாக இருக்காது, இன்றைக்கு நீ சொல் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கு எந்த மூலை?" என்று கேட்டார்.

"நீலம்," என்றார் புள்ளிக்காரர்.

வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மணி அடிக்கும் முன்பே, நீல மூலைக்கு மேலே மச்சானின் முழுப் பெயரையும் எழுதினார். தங்கை எட்டிப் பார்த்தாள். பெயர் சரியான பக்கத்தில்தான் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, டம்ளரைத் தட்டினாள்.